கண் மூடிய அடுக்கு

குத்தாயிசி பேருந்து நிலையம்,
மூன்றாம் எண் சீட்டுக் கூண்டு.
காலடியில் மின்கணப்பு, மேசைமேல்
'எஃப்' விசை பெயர்ந்துபோன மடிக்கணினி.
"சியாலா, உன் கையெழுத்துதான் அழகாயிருக்கிறதே,
கால அட்டவணையை நீயே வரைந்துவிடு"
என்றார் மேலாளர்.
கையெழுத்துக்கும் கணினிக்கும் என்ன உறவு என்று
கேட்பதற்குள் போய்விட்டார்.

பேனாக் கருவி என்று பெயர். மை கிடையாது.
இங்கே ஓர் அழுத்து, அங்கே ஓர் அழுத்து,
நடுவே விறைத்துக் கிடக்கும் ஒரு கோடு.
எங்கள் எழுத்துக்கு நேர்க்கோடு எதற்கு?
ஜார்ஜிய 'லாஸ்' எழுத்தின் முதுகில் மூன்று கூன்,
'ஓன்' எழுத்தில் இரண்டு.
ஸ்கால்டூபோ என்ற ஒற்றை ஊர்ப்பெயரில்
இரண்டுமே இருக்கின்றன, என் கெட்ட நேரம்.
முதல் நாள் நான் வரைந்த லாஸில்
முப்பத்தொரு புள்ளி.
ஆலங்கட்டி மழைக்குத் தப்பாத தகரம்.

இரண்டாம் நாள் தும்மினேன்.
எலியை அழுத்திய விரலை எடுக்காமலே தும்மினேன்.
கை ஒரு சாண் இழுபட்டது;
புள்ளியின் இருபுறமும் மீசை முளைத்தது,
கோடு வளைந்தது.
கைப்பிடி என்கிறது மென்பொருள்.
நான் மீசை என்றே சொல்லிக்கொள்கிறேன்.
மீசையை நீட்டினால் வளைவு கொழுக்கிறது,
சுருக்கினால் ஒடுங்குகிறது.
ஆல்ட் விசையோடு இழுத்தால்
ஒரு பக்க மீசை மட்டும் திரும்புகிறது,
கூனும் கூனும் சந்திக்கும் பள்ளத்துக்கு அதுதான் மருந்து.
ஏழே புள்ளி போதும் லாஸுக்கு.
மிச்சம் இருபத்துநான்கும் என் பயம்.

தவறினால் கன்ட்ரோல், இஸட்.
ஒரு நடை பின்னால், இன்னொரு நடை பின்னால்.
கோச்சாவுக்கு டயர் வாங்கக்
காசு கொடுத்த மார்ச் மாதம் வரை
அது போகாது. பார்த்துவிட்டேன்.

பிறகு அடுக்குகள்.
கண்ணாடிமேல் கண்ணாடியாய் வைத்த தாள்கள்:
ஊர்ப்பெயர் ஒன்றில், நேரம் ஒன்றில்,
வெள்ளை வேனின் படம் ஒன்றில்.
எழுத்துரு பழக மட்டும் தனியாய் ஓர் அடுக்கு.
பழகும்போது கைக்கு வந்ததைத்தானே அடிப்போம்?
'கோச்சா, நாலு டயர் காசு எங்கே?'
தடித்ததில் ஒருமுறை, சாய்ந்ததில் ஒருமுறை,
பச்சையில் ஒருமுறை.
பச்சை நன்றாக அமைந்தது.
அழிக்க மனமில்லை;
பக்கத்திலிருந்த குட்டிக் கண்ணை
ஒரு தட்டுத் தட்டி மூடிவிட்டேன்.

ஆறாம் நாள் இரவு. அச்சகம் காலையில் கேட்கிறது.
ஏழு நாள் இலவசம் என்று வந்த ஒரு செருகு நிரல்,
அதில் ஒரே பொத்தான்: 'அச்சுக்குத் தயார்'.
அழுத்தினேன்.
எழுத்தையெல்லாம் உருவமாக்கியது,
வண்ணங்களை நான்கு மைக்குள் அடக்கியது,
வெட்டுவதற்கு ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் விட்டது,
என்னைவிடக் கெட்டிக்காரி.
மூடிய கண்ணையெல்லாம் திறந்தும் வைத்தது.
நான் என் கண்ணைக் கசக்கிக்கொண்டு
அனுப்பிவிட்டேன், இருநூறு பிரதி.

வெள்ளிக்கிழமை நிலையமெங்கும் ஒட்டினார்கள்.
திரையில் துளிர்ப் பச்சை, தாளில் பாசிப் பச்சை,
ஆனாலும் படிக்க முடிந்தது.
பாலாடைக்கட்டிப் பையோடு நின்ற ஒருத்தி
கடைசி வண்டி நேரத்தைத் தேடி, அடிவரிக்கு வந்து,
உரக்கவே வாசித்தாள்.
ஸ்கால்டூபோ வேனில் ஏறியவர்கள் எல்லாம்
முதலில் ஓட்டுநர் முகத்தைப் பார்த்தார்கள்,
அப்புறம் டயரை.

மத்தியானம் கூண்டின் சாளரத்தில் கோச்சா.
பேச்சில்லை. இருநூறு லாரி எண்ணி வைத்தான்.
"மீதி நூற்று நாற்பது?"
"அடுத்த அட்டவணை எப்போது அச்சாகிறது?"
"கோடைக்கு."
"அதற்கு முன்னால்."

கோப்பைத் திறந்தேன். செருகு நிரலின் தவணை
முடிந்துவிட்டது, பணம் கேட்டது; கொடுக்கவில்லை.
அந்தக் கண்ணைக் கையாலேயே மூடினேன்.
அடுக்கு இருக்கட்டும், நூற்று நாற்பது பாக்கியிருக்கிறது.

சுவரில் லாஸின் மூன்றாவது கூன்
இன்னும் கொஞ்சம் தட்டையாய்த்தான் இருக்கிறது.
யாரும் சொல்லவில்லை.
சீட்டுக் கிழிக்கும்போதெல்லாம்
என் கண் அங்கேயே போகிறது,
விரல் காற்றில் ஒரு மீசையை இழுக்கிறது.